பெட்டிக்குள் ஒரு கோயில்

ஓசூர்–கிருஷ்ணகிரி பேருந்தில், என் முன்சீட்டில் கம்பெனி யூனிஃபார்ம் போட்ட இளைஞன் மடியிலிருந்த பழைய இரும்புப் பெட்டியைத் தட்டிக்கொண்டே பக்கத்திலிருந்தவரிடம் சொன்னான்:

"இதுக்குள்ள ஒரு மாதா கோயிலே இருக்குண்ணா!"

"பழைய டிவிடி பிளேயர் மாதிரில்ல இருக்கு?"

"ரீவெர்ப்ண்ணா. ஸ்டுடியோ ரேக்குல மாட்டுறது. பெட்ரூம்ல பாடினாலும் கோயில்ல பாடுன மாதிரி எதிரொலிக்கும். எங்க கோயில் கொயர் குழு பாட்டு பூரா இதை வெச்சுதான் ரெக்கார்ட் பண்ணோம். திருகுற நாப் லூஸாயிருச்சு, கம்பெனி மெயின்டனன்ஸ்ல குடுத்து இறுக்கிட்டு வர்றேன்."

"உங்க கோயில்லயே பாடியிருக்கலாமே?"

"ஹைவே ஓரம்ண்ணா. நாங்க அல்லேலூயான்னு இழுத்தா, லாரிக்காரன் ஹாரனை இழுப்பான்."

"ஃபாதர் அந்தப் பாட்டைக் கேட்டாரா?"

"கண்ணை மூடிக் கேட்டாருண்ணா! 'அப்படியே நம்ம கோயில்தான்'னாரு. அப்புறம் கண்ணைத் திறந்து, 'லாரிய எங்கப்பா காணோம்?'னாரு."