கழுகு போட்ட பட்டன்

— குழாய் எங்க ஓடுதுன்னு தேடத்தான், மண்ணுக்குள்ள இரும்பு, பித்தளை இருந்தா கத்தற அந்த மெஷினை இரவல் வாங்கினீங்க. இப்போ பட்டனைத் தூக்கிட்டு ஊர் சுத்தறீங்க. குழாய் ஒழுகிட்டே இருக்கு.

— அட, நீ வேற! மெஷின் கத்தின கத்துல புதையல்னுல்ல தோண்டினேன்! பட்டாளத்துப் பழைய சாமான் விக்கிறாரே, அவர் தேய்ச்சுப் பார்த்துட்டு, கழுகு தெரியுது பாருங்க, உங்க அண்ணன் இருந்த படையோட பட்டன்தான்னுட்டார்.

— லீவுல வந்தப்போ விழுந்திருக்கும்.

— நானும் அதைத்தான் சொன்னேன். இல்லவே இல்லைங்கறார். சண்டை ஆரம்பிச்சப்போ சிங்கம் போட்ட பட்டனாம். கழுகு வந்ததே சண்டை முடியற வருஷந்தானாம்.

— அவர் செத்துட்டார்னு தந்தி வந்தது முதல் வருஷமாச்சே.

— அதான்! வேற எவனோ சிப்பாய். சண்டை முடிஞ்சு கும்பல் கும்பலா இந்தப் பக்கமாத்தானே நடந்து போனாங்க.

— இப்படிக் குடுங்க... பின்பக்கம் பார்த்தீங்களா?

— ஏதோ கீறல். மண்வெட்டி பட்டிருக்கும்.

— என் பேரோட முதல் எழுத்து. பட்டாளத்துல பட்டன் திருட்டு ஜாஸ்தின்னு, ஆணியால கீறி வெப்பார்.

— அட விடு. அந்த எழுத்துல எத்தனை பேர் இருக்காங்க!

— சுழியைத் திருப்பிப் போட்டிருக்கு. அப்படி எழுத அவரால மட்டுந்தான் முடியும். கடைசி வரைக்கும் திருத்த முடியலை என்னால. எங்க கிடைச்சுது?

— பின்னாடி, மதில் ஓரம்.

— மதில் நீளமா இருக்கு. எங்கன்னு கேக்கறேன்.

— ...நாம படுக்கிற ரூம் ஜன்னலுக்கு நேரா.

— சண்டை முடிஞ்ச வருஷம் அங்கதான் பெரியவனுக்குத் தொட்டில் கட்டியிருந்தோம்.

— சொந்த வீடு! கதவைத் தட்டியிருக்க மாட்டாரா?

— நம்ம விஷயத்தை வழியிலேயே யாராச்சும் சொல்லியிருப்பாங்க. நிஜமான்னு பார்க்க மதில் ஏறியிருக்கார். பார்த்துட்டுப் போயிட்டார்.

— ஐயோ, அப்படிச் சொல்லாதே! கால்ல விழுந்திருப்பேனே நான்.

— விழுந்துட்டு? என்னை என்ன பண்ணியிருப்பீங்க?

— தெரியலை. சத்தியமா தெரியலை. எங்க போனாரோ, எந்தச் சத்திரத்துல கிடந்து செத்தாரோ...

— ம்.

— நாம என்ன திருட்டுத்தனமா பண்ணினோம்? அந்தத் தந்தியை நம்பி, அப்பாவே முன்னால நின்னு நம்ம ரெண்டு பேருக்கும் முடிச்சு வெச்ச கல்யாணம். ஏதாவது பேசேன். திட்டு, அழு, என்ன வேணா பண்ணு.

— பேச என்ன இருக்கு?

— இங்க வா. என் பக்கத்துல உக்காரு. ஏன் விலகற? நான்தானே!

— தோள்ல இருந்து கையை எடுங்க, தம்பி.