தலைமாட்டுக் கயிறு

"கார்டை அனுப்புனியா இல்லையா? அதை மட்டும் சொல்லுடி."

"அனுப்பிட்டேன்னு எத்தனை தடவை சொல்றது, அத்தை?"

"நீ பொய் சொன்னா காது சிவக்கும். இப்ப கண்ணாடியில பாரு."

டிசம்பர் மாதம், மாலை மூன்றேகால் மணி. நம் ஆக்டர்னீல் ஊரில் அந்த நேரத்துக்கே வெளிச்சம் கடையைக் கட்டிவிடும். ஊரைத் தாண்டிக் கல்லறை மேட்டுக்கு ஏறும் ஒற்றைத் தடம்... இரண்டு பக்கமும் கல்சுவர், ஓர் ஆடுகூடக் கிடையாது. சவ வண்டிக்குப் பின்னால் ஊர்ந்த காரில்தான் இந்தச் சண்டை. ரொட்டிக்கடை செங்காவின் சினேகிதி இஷ்பெல்லும் அவள் அத்தை நெட்டாவும். ஓட்டியவன் கிரெகர், இஷ்பெல்லுக்கு நிச்சயமானவன். பெண்கள் சண்டையில் வாயைத் திறக்காத சாமர்த்தியசாலி.

கணப்பில் இன்னொரு கட்டையைப் போடுங்கள், சொல்கிறேன்.

நம் பக்கத்தில் சவப்பெட்டியைக் குழிக்குள் இறக்குவது எட்டுக் கயிற்றில். யாருக்கு எந்தக் கயிறு என்று எண் போட்ட கார்டு வரும். வரவில்லையென்றால் ஆயுசுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. தலைமாட்டுக் கயிறு, ஒன்றாம் எண், மூத்த மகனுக்கு.

கிழவர் டூகால் சாகும்போது மகள் இஷ்பெல்லிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "முதல் கயிறு ஃபெர்கஸுக்கு. அவன் பிடிச்சாத்தான் நான் இறங்குவேன்."

அவள் அண்ணன் ஃபெர்கஸ் பன்னிரண்டு வருடத்துக்கு முன் ஷெட்லாந்துத் தீவுக்குக் கப்பலேறியவன். அங்கே லெர்விக் துறைமுகத்தில் மீன்பெட்டி அடுக்குகிறான் என்று கேள்வி. ஒரு கிறிஸ்துமஸ் வாழ்த்துகூட வந்ததில்லை. கிழவருக்கு மலச்சட்டி எடுத்தது இஷ்பெல். 'பிடிக்க மட்டும் அவனா?' என்று நினைத்தாள். இறந்த செய்தியே அவனுக்குச் சொல்லவில்லை. அண்ணனுக்கான கார்டு அவள் கைப்பைக்குள் இருமல் மிட்டாய்களுக்கு நடுவே கிடந்தது. கிரெகர் பிடித்துக்கொள்வான். யாருக்குத் தெரியப்போகிறது?

மேட்டில் காற்று திடீரென்று நின்றது. ஈரமண் வாசனை. அதற்கு மேல்... மீன்பெட்டி நாற்றம். கடல் நாற்பது மைலுக்கு அந்தப்புறம்.

சவப்பெட்டிக்காரர் பெட்ரி எண்ணைக் கூப்பிட்டார். "ஒன்று."

கிரெகர் கையை நீட்டினான். அதற்குள் பெட்டி மூடியில் சுருட்டி வைத்திருந்த கயிறு வழுக்கி எழுந்தது. ஓர் ஆளின் இடுப்பு உயரத்தில் விறைத்து நின்றது. அதன் மறுமுனையில் ஒருவரும் இல்லை.

எல்லோரும் தலை குனிந்திருந்தார்கள். பார்த்தவர்கள் இஷ்பெல்லும் கிரெகரும் மட்டும். பெட்டி ஒரு பக்கமும் சாயாமல் இறங்கியது. உள்ளங்கைகளில் கயிறு உரசும் சத்தம்... சர்ர்ர்... ஏழு பேர் பிடித்திருந்தார்கள். சத்தம் எட்டு.

ஜெபம் முடிந்ததும் கயிறுகளைக் குழிக்குள் போட்டார்கள். தப்... தப்... இஷ்பெல் எண்ணினாள். ஏழு.

முதல் கயிறு விழவில்லை. குழிக்குள்ளிருந்து நிமிர்ந்து நின்றது. குழி வெட்டியவர்கள் இருட்டில் அப்படியே மண்ணைத் தள்ளினார்கள்.

ஹோட்டலில் துக்கச் சாப்பாடு, மாவில் பொதிந்து சுட்ட இறைச்சி. இஷ்பெல் கரண்டியைத் தொடவில்லை. வீடு திரும்பிச் சப்பாத்தைக் கழற்றும்போது தொலைபேசி அடித்தது. பன்னிரண்டு வருடத்துக்கு அப்புறமும் அந்தக் குரல் அவளுக்குத் தெரிந்தது.

"யாரு செத்தது?"

கழற்றிய சப்பாத்தை அவள் கீழே வைத்தாள்.

"மூணரை மணிக்குப் பெட்டி அடுக்கிட்டிருந்தேன். ஏதோ என் வலது கையைக் கீழே இழுத்துச்சு. உள்ளங்கைத் தோலே உரிஞ்சு போச்சு."

"அண்ணா..."

"இஷ்பெல், அது இன்னும் விடலை."

"கார்டை அனுப்பியிருந்தா வந்து பிடிச்சிருப்பான். பிடிச்சவன் விட்டிருப்பான்," என்றாள், விஷயம் தெரிந்த நெட்டா அத்தை. அதோடு சரி. அவள் வாயை மூடியதை ஊர் அன்றுதான் பார்த்தது.

கிரெகர் வசந்தத்தில் மோதிரத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டான். மறு வருடம் ரொட்டிக்கடை செங்காவையே கட்டினான். கேக் மூன்று அடுக்கு, வறட்டுக் கேக். இஷ்பெல் வீட்டை விற்றுவிட்டு அண்ணனைப் பார்த்துக்கொள்ள லெர்விக்குக்குப் போனாள். இன்னும் கல்யாணம் இல்லை.

செங்காவுக்குக் கடிதம் போடுவாள். முதல் வருடம், அண்ணனின் கை நீண்டு முழங்காலுக்குக் கீழே தொங்குகிறது என்று எழுதியிருந்தாள். போன மாதக் கடிதம் இரண்டே வரி.

"இப்ப தரையிலதான் படுக்கிறான். ராத்திரியில விரலெல்லாம் பலகைச் சந்துக்குள்ள இறங்கிடுது."