குமிழ் நிற்கும் வரை

போன்சாய் மரத்துக்கு மேலிருந்து தண்ணீர் ஊற்றக் கூடாது. வளர்க்கிறவர்களில் பாதிப் பேருக்கு இது தெரியாது. காலையில் எழுந்து ஒரு சொம்புத் தண்ணீரைத் தலையில் கொட்டிவிட்டுக் கடமை முடிந்ததென்று பேப்பர் படிக்கப் போய்விடுவார்கள். அந்தத் தண்ணீர் மேல்மண்ணைக் கரைத்துக்கொண்டு ஓரமாக ஓடிவிடும். நடுவில் இருக்கும் வேர் காய்ந்தே கிடக்கும். சரியான முறை, ஒரு டப்பில் தண்ணீர் நிரப்பி, மரத்தைத் தொட்டியோடு அதற்குள் மெதுவாக இறக்குவது. மண்ணுக்குள் இருக்கும் காற்று குமிழ் குமிழாக மேலே வரும். குமிழ் நின்றதும் எடுத்துவிட வேண்டும். அவ்வளவுதான் வேலை.

நீங்கள் கேட்டது என் மனைவி செண்பகவல்லி எப்படி இறந்தாள் என்று. அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இன்ஸ்பெக்டர். தண்ணீர் குடிக்கும்போது புரையேறி இறந்தாள் என்று முதலில் சொன்னேன். அது பொய்யில்லை. என் மகள் ஹம்ஸா அதை நம்பாமல் உங்களிடம் புகார் எழுதிக் கொடுத்திருக்கிறாள். எல்லாம் முடிந்த பிறகு புனேயிலிருந்து வந்து இறங்கியவளுக்கு இங்கே நடந்தது என்ன தெரியும்? ஆனாலும் பெற்ற பெண், அவள்மேல் எனக்குக் கோபமில்லை. முழுவதையும் சொல்லிவிடுகிறேன். கேட்டால் என் பக்கத்து நியாயம் உங்களுக்கே விளங்கும்.

எனக்குச் சிறு வயதிலிருந்தே எச்சில் ஆகாது. எங்கள் மனிதர்களில் யாருக்குமே ஆகாதுதான். தம்ளரை வாயில் வைக்காமல் அண்ணாந்து குடிக்கத்தான் குழந்தைக்கு முதலில் கற்றுக்கொடுப்போம். எனக்கு அது கொஞ்சம் கூடுதல். சத்திரம் பஸ் ஸ்டாண்டு போகும் டவுன் பஸ்ஸில் கண்டக்டர் விரலை நாக்கில் தொட்டுத்தான் டிக்கெட்டைக் கிழிப்பார். அந்த டிக்கெட்டை நான் நகநுனியால் வாங்கி, இறங்கும் வரை அப்படியே பிடித்திருப்பேன். இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் என் ஜூனியர் ஜெய்சங்கர், "எதிர்ல யாராவது கொட்டாவி விட்டாலே மணவாளன் சார் ஃபைலைத் தொட மாட்டார்" என்று கேலி செய்வான். செய்துவிட்டுப் போகட்டும். சுத்தமாக இருக்கிறவனைப் பார்த்தால் அழுக்கனுக்குச் சிரிப்பு வரும்தான்.

செண்பகத்துக்கு இந்தக் கூச்சம் கிடையாது. கல்யாணமான நாளிலிருந்து நான் சாப்பிட்டு எழுந்த தட்டிலேயே பரிமாறிக்கொண்டுதான் அவள் சாப்பிடுவாள். நான் சொல்லிச் செய்யவில்லை; அவள் அம்மா அப்படிப் பழக்கியிருந்தாள். நான் கடித்து வைத்த அப்பளத்தைக்கூடத் தின்றுவிடுவாள். எப்படித்தான் இறங்குகிறதோ என்று நினைத்துக்கொள்வேன். ஆனால் அது வேறு விஷயம்.

மரத்தை ரிட்டயர் ஆன வருஷம் மன்னார்புரத்தில் ஒரு நர்சரியில் வாங்கினேன். ஆலமர இனம், முழங்கை உயரம். வெயில் தேசத்து மரமாதலால் வீட்டுக்குள்ளேயே வளரும். சில விதிகள் இருக்கின்றன. வெளிச்சம் வேண்டும், சுள்ளென்ற வெயில் கூடாது. காற்றில் ஈரம் வேண்டும்; அதற்காகத் தொட்டிக்குக் கீழே ஒரு தட்டில் கூழாங்கற்களைப் பரப்பித் தண்ணீர் விட்டு வைப்பேன். இரண்டிலைக்கு மேல் துளிர் வந்தால் கிள்ளிவிட வேண்டும். கிள்ளிய இடத்தில் வெள்ளையாகப் பால் வடியும். அதைப் பஞ்சால் ஒற்றி எடுப்பேன். அதில் எனக்கு எந்த அருவருப்பும் இல்லை. வாயில்லாத ஜீவன் எவ்வளவு சுத்தம் என்று அதை வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

தை மாதம் செண்பகம் பக்கவாதத்தில் விழுந்தாள். வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது. பேச்சும் போயிற்று. தொண்டை சரியாக விழுங்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா என்னை உட்காரவைத்துச் சொன்னார்: "தண்ணியை அண்ணாந்து மட்டும் ஊத்திடாதீங்க சார். நிமிர்ந்து உட்காரவச்சு, தாடையைக் குனியவச்சு, கெட்டியாக்குற பவுடர் கலந்து ஸ்பூனால கொஞ்சம் கொஞ்சமாக் குடுங்க. தலையைச் சாச்சு ஊத்துனா நேரா நுரையீரலுக்குப் போயிடும்."

எனக்கு நன்றாகப் புரிந்தது. இதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

பொன்மலையிலிருந்து அல்போன்சா என்ற நர்ஸ் ஸ்கூட்டியில் வருவாள். காலையில் வந்தால் பொழுது சாய்ந்து போவாள். நல்ல பெண். ஆனால் அவள் ஊட்டுவதை நான் பார்க்க மாட்டேன். செண்பகத்தின் வாய் ஒரு பக்கமாகக் கோணி, உள்ளே போனதில் பாதி கோழையோடு சேர்ந்து நூலாக வெளியே தொங்கும். அல்போன்சா ஸ்பூனால் அதையும் வழித்துத் திரும்ப உள்ளே தள்ளுவாள். "இன்னும் ஒரே ஒரு வாய்ம்மா, என் தங்கம்ல" என்பாள். அந்த ஸ்பூன் மறுபடி கிண்ணத்துக்குள் போகும். நான் எழுந்து பால்கனிக்குப் போய்விடுவேன். பெற்ற குழந்தை ஹம்ஸாவின் எச்சிலையே நான் துடைத்ததில்லை. இந்த வயதில் இதெல்லாம் என்னிடம் எதிர்பார்ப்பது நியாயமா?

மரம் அவள் அறையில்தான் இருந்தது. கிழக்கு ஜன்னல் அங்கேதான். கட்டிலை ஒட்டினாற்போல ஸ்டூல் போட்டு வைத்திருந்தேன். ஏ.சி. காற்று பட்டால் இலை கொட்டிவிடும், அதனால் அந்த அறையில் நான் ஏ.சி. போடுவதில்லை. சித்திரை வெயில் ஏறியதும் அல்போன்சா கேட்டாள்: "அம்மாவுக்கு முதுகெல்லாம் வேர்த்து ஊத்துது சார். ஏசி போடலாம்ல?"

"மரம் தாங்காதும்மா" என்றேன். நான் வேடிக்கையாகச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தாள்.

சாயங்காலம் அவள் போன பிறகு வாயைத் துடைக்கும் வேலை எனக்கு. மரத்துக்கு வைத்திருந்த நீள இடுக்கியில் பஞ்சைப் பிடித்துக்கொண்டு, எட்ட நின்று துடைப்பேன். பிறகு இடுக்கியைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டு எடுப்பேன். மரத்துக்கு ஏதும் தொற்றிவிடக் கூடாதல்லவா?

அந்த வாரக் கடைசியில் அல்போன்சாவின் அக்கா பையனுக்குச் சர்ச்சில் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்குகிற விசேஷம். சனியும் ஞாயிறும் லீவு கேட்டாள். பதில் ஆள் அனுப்புகிறேன் என்றாள். இன்னொரு புது மனுஷி வீட்டுக்குள் நடமாட வேண்டாம் என்று நான்தான் மறுத்தேன். ஹம்ஸா போனில், "ரெண்டு நாள் தனியா சமாளிச்சுடுவேளாப்பா?" என்றாள். ஒரு மரத்தை எத்தனை வருஷமாகச் சமாளிக்கிறேன் என்று அவளுக்குச் சொன்னேன்.

சனிக்கிழமை காலை கையுறை போட்டுக்கொண்டு இரண்டு ஸ்பூன் கொடுத்துப் பார்த்தேன். மூன்றாவதில் இருமினாள், என் சட்டைக் கையில் தெறித்தது. சட்டையையும் ஸ்பூனையும் குப்பைக்கூடையில் போட்டேன். பிறகு யோசித்தேன். உள்ளே போனால்தானே வெளியே வரும்? தண்ணீர் போகாவிட்டால் வாய் ஒழுகாது, டயபரும் மாற்ற வேண்டாம். மரத்துக்கும் மேல்மண் நன்றாகக் காய்ந்த பிறகுதான் தண்ணீர். இரண்டு நாளில் எதுவும் ஆகிவிடாது, திங்களன்று அல்போன்சா வந்து கொடுத்துக்கொள்வாள். இதுதான் என் கணக்கு. அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை.

அவளால் தெளிவாகச் சொல்ல முடிந்தது ஒரே ஒரு வார்த்தை. எங்கள் வீடுகளில் குடிக்கிற தண்ணீரைத் தூத்தம் என்போம். "தூத்தம்" என்றாள். மத்தியானமும் சொன்னாள். சாயங்காலம் குரல் கம்மிப்போய்க் காற்றாகத்தான் வந்தது. போனில் பாசுரம் ஒலிக்கவிட்டு அவள் தலைமாட்டில் வைத்தேன். பாசுரம் என்றால் அவளுக்கு உயிர்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டப்பில் தண்ணீர் பிடித்துக்கொண்டு மரத்துக்காக அறைக்குள் போனேன். அப்போது பார்த்ததை உங்களிடம் சொல்லவே எனக்குக் குமட்டுகிறது.

கட்டில் ஓரத்துக்கு எப்படியோ நகர்ந்து வந்திருந்தாள். நன்றாக இருந்த இடது கையை மரத்தின் அடித்தட்டுக்குள் விட்டிருந்தாள். அந்தத் தண்ணீர் தொட்டியிலிருந்து வடிந்தது. உரம் கலந்தது, பாசி பிடித்தது, கொசுப்புழு நெளிவது. அதில் விரலை நனைத்து நனைத்து வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தாள். உதடெல்லாம் பச்சை. ஒரு கூழாங்கல்லை வாய்க்குள் போட்டு உறிஞ்சிக்கொண்டிருந்தாள். சப்பிய அதே கையை மறுபடி தட்டுக்குள் விட்டாள். நான் பாத்ரூமுக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தேன்.

திரும்பி வந்து முதல் காரியமாக மரத்தை ஹாலுக்கு எடுத்துப் போனேன். தட்டைச் சோப்புப் போட்டுத் தேய்த்தேன். கற்களை ஒவ்வொன்றாகக் கழுவித் துணியில் உலர வைத்தேன். அதை அவசரப்பட்டுச் செய்ய முடியாது. அறையிலிருந்து சத்தம் வந்துகொண்டிருந்தது. வாயில் கல் இருந்ததால் வார்த்தை சரியாக வரவில்லை. என்ன கேட்கிறாள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

கேட்டதைக் கொடுப்பதுதானே புருஷன் கடமை? பூஜை அலமாரியிலிருந்து மூக்கு வைத்த வெள்ளிச் செம்பை எடுத்தேன். அவள் கல்யாணத்தன்று பிறந்த வீட்டிலிருந்து கொண்டு வந்தது. மூக்கு நீளமானது, அதனால் எட்ட நின்றே ஊற்றலாம். பெருமாளுக்குத் தீர்த்தம் வைக்கிற பாத்திரம், எச்சில் படக் கூடாது. கையுறை போட்டுக்கொண்டேன். தலையணையை உருவித் தோளுக்குக் கீழே கொடுத்தேன். தலை பின்னால் சரிந்து வாய் தானாகத் திறந்துகொண்டது. நாமெல்லாம் எப்படி அண்ணாந்து குடிப்போமோ அதே மாதிரி.

முதல் வாய் இறங்கியது. கண்ணை மூடிக்கொண்டாள். முகத்தில் அவ்வளவு நிம்மதி. அதை நான் கொடுத்தேன், வேறு யாரும் கொடுக்கவில்லை. இரண்டாவது வாயில் புரையேறியது. இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்தாள். கையுறைக்கு மேலே, வெறும் தோலில், பாசி வழவழக்கும் அந்த ஈரக் கை. உதறிவிட்டேன். நிறுத்தியிருந்தால் இருமுவாள், மேலே தெறிக்கும். அதனால் நிறுத்தவில்லை. வாய் நிரம்பிக் குமிழ் வந்தது. சின்னச் சின்னதாக, வரிசையாக வந்தது.

செம்பு காலியாகிவிட்டது. சமையலறைக்குப் போய் மறுபடி நிரப்பிக்கொண்டு வந்தேன். நான் வரும்போது அவளுக்கு மூச்சு இருந்தது, என்னைப் பார்த்தாள். டாக்டரம்மா சொன்னது எனக்கு நினைவிருந்தது. குமிழ் நிற்கும் வரை ஊற்றினேன்.

பிறகு தலைக்குக் குளித்துவிட்டு வந்து மரத்துக்குத் தண்ணீர் காட்டினேன்.

அல்போன்சா திங்கட்கிழமை வருவதாகத்தான் பேச்சு. புதுநன்மைக் கேக்கை அம்மாவிடம் காட்ட வேண்டும் என்று அன்று சாயங்காலமே டப்பாவோடு வந்து நின்றாள். புரையேறிவிட்டது என்று சொன்னேன். செண்பகத்தின் நெஞ்சில் காதை வைத்துப் பார்த்தாள். நனைந்திருந்த மெத்தையைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு கையுறைகூட இல்லாமல் செண்பகத்தின் வாய்க்குள் விரலை விட்டு அந்தக் கல்லை எடுத்தாள். உதட்டில் ஒட்டியிருந்த பச்சையைத் தன் துப்பட்டாவால் துடைத்துவிட்டு, அந்த நெற்றியில் முத்தம் கொடுத்தாள். என்னால் அதைப் பார்க்க முடியவில்லை.

"எத்தனை தடவை கேட்டாங்க சார்?" என்றாள். கேக்கை டேபிளில் வைத்துவிட்டு ஹம்ஸாவுக்குப் போன் செய்தாள்.

ஹம்ஸா வந்ததும் ஹாலில் மரத்தைப் பார்த்தாள். இலையெல்லாம் பளபளவென்று இருந்தது. பிறகு அம்மாவின் வெடித்த உதட்டைப் பார்த்தாள். அதற்குப் பிறகு அவள் என்னை அப்பா என்று கூப்பிடவில்லை.

நான் சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லிவிட்டேன். வீட்டைப் பூட்டிச் சீல் வைத்திருக்கிறீர்கள். இந்த வெயிலில் மரம் நாளை வரைதான் தாங்கும். யாராவது ஒரு கான்ஸ்டபிளை அனுப்பி டப்பில் இறக்கி எடுக்கச் சொல்லுங்கள். தாகத்தில் தவிக்கிற ஜீவனை அப்படியே விட்டுவிடுவது பாவம்.

செம்பைப் பரிசோதனைக்கு அனுப்பியிருப்பதாகச் சொன்னீர்கள். தாராளமாக அனுப்புங்கள். கடைசி வரை அதில் அவள் உதடு படவே இல்லை. அவ்வளவு ஜாக்கிரதையாகத்தான் ஊற்றினேன்.