ரெண்டாவது மாத்திரை

ஐவி: சட்டையைக் கழட்டாதீங்க. முதல்ல அந்தக் கையைக் காட்டுங்க.

அல்போன்ஸ்: ஒண்ணுமில்ல... கதவுல இடிச்சுக்கிட்டேன்.

ஐவி: முழங்கை வரைக்கும் கன்னிப்போய் கெடக்கு. எந்தக் கதவு?

அல்போன்ஸ்: கோயில் கதவுதான். பாவி வரான்னு அதுவே சாத்திக்கிச்சு.

ஐவி: விளையாடாதீங்க. ரத்தம் கட்டியிருக்கு. ஞாபக மாத்திரை எத்தனை போடறீங்க?

அல்போன்ஸ்: நீங்க குடுக்கற ஒண்ணுதான்.

ஐவி: பொய். என் சிநேகிதி ஈவ்லின் குடுத்த புது டப்பா, அதுக்குள்ள அடி தெரியுது.

அல்போன்ஸ்: எலி தின்னிருக்கும். ராஜா அண்ணாமலைபுரத்து எலிக்கெல்லாம் இப்ப நல்ல ஞாபகசக்தி...

ஐவி: எனக்குச் சிரிப்பு வரல.

அல்போன்ஸ்: சரி... ரெண்டு ரெண்டா போட்டேன். நீங்க குடுத்தது ஒண்ணு. நீங்க சமையலறைக்குப் போனதும் நானா எடுத்தது ஒண்ணு.

ஐவி: மாதாவே... டாக்டர் அப்பவே சொன்னாரு. ரத்தம் உறையாம இருக்க நீங்க போடற மாத்திரையோட இதைச் சேர்க்கவே கூடாதுன்னு. இதால ஞாபகம் திரும்பும்னு நம்பவும் வேணாம்னாரு.

அல்போன்ஸ்: எங்கிட்ட சொல்லவே இல்லையே?

ஐவி: சொல்லல. ஈவ்லின் அவ மாமனாருக்கு நல்லாயிடுச்சுன்னா. தினம் ஒண்ணு, அது என்ன பண்ணிடப் போகுதுன்னு... பயத்துல குடுத்துட்டேங்க. வேற எதைப் பிடிச்சுக்கறது நான்?

அல்போன்ஸ்: அழாதீங்க. விடுங்க.

ஐவி: அது என்ன கொஞ்ச நாளா வாங்க, போங்கன்னு? கல்யாணமான நாள்லேருந்து எனக்கு 'ஏய்'தானே பேரு?

அல்போன்ஸ்: வயசாயிடுச்சில்ல... மரியாதை கூடிப்போச்சு.

ஐவி: ரிட்டயர் ஆகியும் வாத்தியார் வாய் மட்டும் ஓயல. செருப்பைப் போடுங்க. ஆட்டோ கூப்பிடறேன், அடையாறு போய் டாக்டரைப் பாத்துடலாம்.

அல்போன்ஸ்: ஒண்ணு கேக்கணும். இன்னிக்குப் பூசைக்கு முன்னாடி, யார் யாருக்காகப் பூசைன்னு ஃபாதர் கருத்து வாசிச்சாரே... அப்ப ஏன் பாதியில எந்திரிச்சுப் போனீங்க?

ஐவி: ...தலை சுத்திச்சு.

அல்போன்ஸ்: பாட்டுக் குழுவுல இருந்து ஒரு அம்மா உங்களையே திரும்பித் திரும்பிப் பாத்தாங்க.

ஐவி: ஈவ்லின்தான். கோயில் பங்கு ஆபீஸ்ல கருத்தைத் தப்பா எழுதிட்டாங்களாம். உடல் நலத்துக்காகன்னு போடறதுக்குப் பதிலா...

அல்போன்ஸ்: சரியாத்தான் எழுதினாங்க. நான்தானே போய்ச் சொன்னேன். 'காலஞ்சென்ற என் மனைவி ஐவியின் ஆன்ம இளைப்பாற்றிக்காக.' ஆபீஸ்ல புதுசா வந்த பொண்ணு, ரெண்டு தடவை கேட்டு எழுதிக்கிச்சு.

ஐவி: ...தெரியும். ஃபாதர் வெளிய வந்து எங்கிட்ட மன்னிப்பு கேட்டாரு.

அல்போன்ஸ்: அவர் எதுக்கு உங்ககிட்ட...

ஐவி: போகட்டும். மறதியில சொல்லிட்டீங்க, யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க. ஏங்க... அந்த ரெண்டாவது மாத்திரை எதுக்கு? ஒண்ணு போதாதுன்னு யாரு சொன்னா?

அல்போன்ஸ்: மக்குப் பையனுக்கு ஸ்பெஷல் கிளாஸ் வைக்கறதில்லயா? அந்த மாதிரி.

ஐவி: எந்தப் பாடத்துக்கு?

அல்போன்ஸ்: செருப்பு எங்க இருக்கு? போடறேன்.

ஐவி: சொல்லுங்க. திட்ட மாட்டேன். என் முகத்தைப் பாத்துச் சொல்லுங்க.

அல்போன்ஸ்: காலையில எந்திரிச்சா காபியோட நிக்கறீங்க. சமைக்கறீங்க, துணி எடுத்து வைக்கறீங்க, கையைப் பிடிச்சுக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போறீங்க, இப்ப எனக்காக அழறீங்க. இவ்வளவு செய்யறவங்ககிட்ட போய், நீங்க யாரும்மான்னு எப்படிக் கேக்கறது? கூச்சமா இருந்துச்சு... இன்னொண்ணு போட்டா தானா தெரிஞ்சுடும்னு பாத்தேன்.