இளவரசன் செஞ்ச பெட்டி

— மெமரி கார்டையே காணோம்னு சொல்லுதுக்கா.

— காணோமா? அதான் பெட்டிக்குள்ள சொருகியிருக்குதே ஃபரா. நீதானே இப்ப எடுத்துத் துடைச்சுத் திரும்ப வெச்ச?

— கண்ணுக்கு இருக்குது. போர்டுக்குத் தெரியலை. பொறுங்க, ஏதாவது ஒயரு விட்டிருக்கும்... ம்ஹூம், எல்லாம் கெட்டியாதான் இருக்குது. இளவரசன் அண்ணன் பத்தவெச்சா அசையாது.

— நீ சரியா பார்க்கலை. சொல்றேன் கேளு, காலையில கூட இது பேசிச்சு. அப்பா பட்டனை அமுக்கினாரு, தண்ணி வேணும்னு தம்பி குரல் வந்துச்சு. நான் அடுப்படியிலேருந்து காதால கேட்டேன்.

— காலையில பேசினதை எதுக்குக் கடைக்குத் தூக்கிட்டு வந்தீங்க சிந்துஜாக்கா? பௌர்ணமியும் அதுவுமா, அடி அண்ணாமலையிலேருந்து இந்தக் கிரிவலக் கூட்டத்துல?

— பேசலைன்னு தூக்கிட்டு வரலை. ஜாஸ்தியா பேசுதுன்னு தூக்கிட்டு வந்தேன்.

— ஜாஸ்தியான்னா? சத்தமா?

— இதுல தம்பி இளவரசன் என்னென்ன பேசிவெச்சான், நீயே சொல்லு.

— நாலு பட்டன், நாலு பேச்சு. தண்ணி வேணும், வலிக்குது, ஃபேன் போடு, அம்மாவைக் கூப்பிடு. அப்பாவுக்கு வாதம் வந்து வாய் விழுந்தப்ப, இந்த மேசையில உக்காந்துதானே பதிஞ்சாரு. போர்டும் என்கிட்டதான் வாங்கினாரு.

— முந்தாநாள் சாயங்காலம் அந்த ரூம்லேருந்து, மழை வருது, துணிய எடுன்னு கேட்டுச்சு.

— யாரு... யாரு சொன்னது?

— தம்பி.

— அக்கா, அவரு போன ஆடியிலயே...

— போனவன்தான். செங்கம் ரோட்டுல அடிபட்டுக் கெடந்தவனை நான்தானே போய் அடையாளம் காட்டினேன். எனக்குத் தெரியாதா? ஆனா குரல் அவனுது. ஓடிப்போய்ப் பார்த்தா, அப்பா செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்திருக்காரு. கை மட்டும் பட்டன் மேல. நான் கொல்லைப்பக்கம் போய்த் துணிய எடுக்கவும் மழை பிடிச்சுக்கவும் சரியா இருந்துச்சு.

— யா அல்லா. எனக்குக் கையெல்லாம் புல்லரிக்குதுக்கா.

— எனக்கு ரெண்டு நாளா அப்படித்தான் இருக்குது. அம்மாகிட்ட சொன்னா, மழை வந்துச்சா இல்லையா, துணி நனையாம தப்பிச்சுதா இல்லையான்னு கேட்டுட்டு அவங்க பாட்டுக்குப் போறாங்க. அதான் உன்கிட்ட வந்தேன். இதுக்குள்ள வேற என்ன இருக்குதுன்னு பாரு.

— சரி, ஒண்ணொண்ணா பார்க்கலாம். இது என்னோட கார்டு, நல்லா வேலை செய்யறது. இதைப் போடறேன்... பாருங்க, உடனே எடுத்துக்குச்சு. ஸ்பீக்கர்லயும் சத்தம் வருது. அப்போ போர்டு நல்லாருக்குது, ஒயரு நல்லாருக்குது, கரண்டும் சரியா போகுது. கோளாறு அண்ணனோட கார்டுலதான்.

— கம்ப்யூட்டர்ல போட்டா தெரியுமே?

— அதான் போடறேன். சில சமயம் ஃபார்மேட் பண்ணவான்னு கேக்கும்...

— பண்ணிடாத! அழிஞ்சுபோயிடும்!

— கேட்டாலே சந்தோசம்கா. உள்ள ஏதோ உசுரு இருக்குதுன்னு அர்த்தம். இது கேக்கவே இல்ல பாருங்க. கார்டு போட்டதே அதுக்குத் தெரியலை. இந்த லென்ஸ்ல பாருங்க, மஞ்சக் கோடு இருக்குதே, அதுமேல பச்சையா பாசி மாதிரி பூத்துக் கெடக்குது. ஓரத்துல விரிசல் வேற. இதுல தண்ணி போயிருக்குதா?

— கார்த்திகை தீபத்தப்ப பேஞ்ச மழையில ஓடு ஒழுகிச்சு. பெட்டி மேலதான் கொட்டிச்சு. ரெண்டு நாள் கம்முனு இருந்துச்சு, அப்புறம் தானா சரியாயிடுச்சு.

— தானாவா?

— தானாத்தான். முன்ன மாதிரி கடகடன்னு வராது, அவ்வளவுதான். இழுத்து இழுத்து, நிறுத்தி நிறுத்தி வரும். பேட்டரி கம்மியாயிடுச்சு போலன்னு நினைச்சேன்.

— பேட்டரி ஃபுல்லா இருக்குதுக்கா. ஒண்ணு கேக்கறேன், யோசிச்சுச் சொல்லுங்க. இந்தப் பக்கம் குட்டியா ஒரு செவப்பு லைட்டு இருக்குது. வீட்டுல எப்பவாவது எரிஞ்சுதா?

— எப்பவாவது என்ன? அந்த மழையிலேருந்து ராவும் பகலும் எரிஞ்சுட்டுத்தான் இருக்குது. ஏன்?

— அண்ணன் எழுதின ப்ரோக்ராம் இது. கார்டைப் படிக்க முடியலைன்னாதான் செவப்பு எரியணும்னு எழுதியிருக்காரு.

— அப்படின்னா?

— தீபத்துலேருந்து இந்தப் பெட்டி ஒரு வார்த்தை கூட பேசியிருக்க முடியாது.

— விளையாடாத ஃபரா. தினம் கேக்கறோம். நானும் கேக்கறேன், அம்மாவும் கேக்கறாங்க. அவன் குரல் வந்தா அம்மா போட்டது போட்டபடி ஓடறாங்க!

— நான் சத்தியமா விளையாடலைக்கா. இருங்க. அண்ணன் பதிஞ்சப்ப ஒரு காப்பி என் கம்ப்யூட்டர்ல வெச்சுட்டுப் போனாரு. கேளுங்க... "தண்ணி வேணும்!"

— ஐயோ... இன்னொரு தடவை போடு.

— "தண்ணி வேணும்!" அழாதீங்கக்கா. இந்தாங்க, தண்ணி குடிங்க.

— அழறதுக்காகக் கேக்கலைடி. பின்னாடி ஒரு ஆட்டோ ஹாரன் கேக்குதே?

— வாசல்ல எவனோ அடிச்சான். அண்ணன்தான், "அது இருக்கட்டும் ஃபரா, அப்பாவுக்கு ரோட்டுச் சத்தம் கேட்டு நாளாச்சு"ன்னாரு.

— இதை நான் மறந்தே போயிட்டேன். மழைக்கு முன்ன ஹாரன் கேக்கும். இப்ப கேக்கறதுல அது இல்ல. காலையில கேட்டதுல ஹாரன் இல்ல ஃபரா!

— அக்கா, வீட்டுல இப்ப யாரு இருக்காங்க?

— அம்மாவும் அப்பாவும்தான். போன் போடு. ஸ்பீக்கர்ல வை.

— ரிங் போகுது... எடுத்துட்டாங்க, பேசுங்க.

— அம்மா! அப்பா எங்க?

— படுத்துனு இருக்காரு. ஏண்டி இப்படி மூச்சு வாங்குற?

— அந்த ரூமாண்ட நிக்காதம்மா, வெளிய வா. பெட்டி தீபத்து மழையிலயே செத்துப்போச்சாம். இத்தனை மாசமா அது பேசவே இல்லையாம். நம்ம வீட்டுல என்னம்மா இருக்குது? எது பேசுது?

— மொள்ள பேசு. இரு, கெணத்தாண்ட வந்துடறேன்... ம், சொல்லு. கூட யாரு?

— ஃபரா மட்டுந்தான். உனக்குப் பயமா இல்லையா?

— எனக்குத் தெரியும்டி. பொட்டி செத்த மூணாம் நாளே பார்த்துட்டேன்.

— எதைப் பார்த்த?

— ஜன்னலாண்ட நின்னேன். பட்டனை அமுக்கு அமுக்குன்னு அமுக்கினாரு. பொட்டி ஊமையா கெடந்துச்சு. அப்புறம் செவுத்துப் பக்கம் திரும்பினு, உதட்டைக் கோணிக் கோணி, அவரே சொன்னாரு.

— அப்பாவா? அவருக்குத்தான் பேச்சே...

— வரும், தினம் பேசிப் பழகணும்னு டாக்டர் சொன்னாரே. புள்ள போனதுலேருந்து அவரு வாயே தொறக்கலை. அன்னிக்குத்தான் தொறந்தாரு. அப்பனுக்கும் புள்ளைக்கும் ஒரே தொண்டை இல்லையா? நான் தம்பி குரல்னு ஓடுவேனே, நான் ஓடறது நின்னுடக் கூடாதுன்னு பார்த்தாரு போல. நான் பார்த்தது அவருக்குத் தெரியாது. தெரிஞ்சா கூசிப்போயிடுவாரு. இப்பத்தான் மழை, துணின்னு புதுசா ஒண்ணு ரெண்டு வார்த்தையும் வருது.

— அம்மா... ஃபராகிட்ட தம்பியோட அசல் குரலே இருக்குதும்மா. புது கார்டுல போட்டுக் குடுக்கச் சொல்லவா? இப்பவே ஆயிடும்.

— வேணாம்னு சொல்லு. அந்தப் பொட்டி பேச ஆரம்பிச்சுட்டா, உங்கப்பா நிறுத்திடுவாரு.