சித்திரையில் தண்ணி எத்தனை அடி?

அந்த ஃபேனைக் கொஞ்சம் நிறுத்துங்கப்பா, நான் பேசறது எனக்கே கேட்கல... ஆங், இப்ப சரி.

எனக்கு முன்னால் பேசியவர் சோலார் மோட்டாரைப் பற்றி நல்லதாகவே பத்து விஷயம் சொன்னார். நான் அதை விற்கிறவன். நானும் நல்லதாகவே சொன்னால் நீங்க நம்புவீங்களா? நம்ப மாட்டீங்க. நம்பவும் கூடாது! அதனால் என் கடையில் நடந்த ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறேன். சின்னதுதான்... டீ வருவதற்குள் முடிந்துவிடும்.

நாச்சிமுத்து என்று ஒருவர். ஒன்றரை ஏக்கர், ஒரே ஒரு போர்க் கிணறு, அறுநூறு வாழை. கார்த்திகையில் மழை ஓய்ந்த கையோடு கடைக்கு வந்தார். வாசலில் செருப்பை விட்டவர், என்னோடு பேசிக்கொண்டே ரெண்டு தடவை எட்டிப் பார்த்தார். எதுக்கு? செருப்பு இருக்குதான்னு! அப்படி ஆள்.

"ஏந்தம்பி, மேகம் போட்டா ஓடுமா?"

"குறைவா ஓடும்ங்ணா."

"குறைவான்னா ஓடாதுன்னு சொல்லு. அது கெடக்கட்டும்... மோட்டாரை ஓட்டற இந்தப் பொட்டிக்குள்ள எதுக்கு சிம் கார்டு?"

"ஏதாச்சும் கோளாறுன்னா கம்பெனிக்குத் தெரிஞ்சுரும்ங்ணா."

"என்ற தோட்டத்துல நடக்கறது கம்பெனிக்கு எதுக்குத் தெரியோணும்?"

பதில் சொன்னேன். நம்பவில்லை. கடைசியாக நான் ஒன்று கேட்டேன். கவனிங்க, இந்த ஒரு கேள்வியில்தான் எல்லாம் இருக்கிறது. "சித்திரையில தண்ணி எத்தனை அடிக்கு இறங்கும்ங்ணா?"

என் முகத்தைப் பார்த்தார். மூலையில் நின்ற பெரிய மோட்டாரைப் பார்த்தார். மறுபடியும் என் முகம்...

"இருநூறு. அதுக்குக் கீழ ஒரு அடி போகாது."

அவர் சொன்ன ஆழத்துக்குச் சின்ன மோட்டாரே போதும். அதைக் கொடுத்து, இருநூற்றைம்பது அடியில் தொங்கவிட்டோம். வெயில் ஏறியதும் தண்ணீர் கொட்டியது பாருங்க... ஆள் முகத்தில் அன்றைக்குத்தான் சிரிப்பைப் பார்த்தேன். "தம்பி, உன்னை நான் நம்பல. தண்ணியை நம்பறேன்" என்றார்.

சித்திரை வந்தது. வாழை குலை தள்ளுகிற நேரம். ஒரு நாள் காலையில் பெட்டியில் சிவப்பு லைட்டு, மோட்டார் நின்றுவிட்டது. மேலே வெயில் கொளுத்துகிறது! நீங்களாக இருந்தால் என்ன செய்வீங்க? கடைக்கு ஒரு போன் போடுவீங்க. அவர் என்ன செய்தார் தெரியுமா? ஒரு சாக்கை எடுத்துப் பெட்டி மேல் போட்டு, சுற்றிக் கயிறும் கட்டினார்.

"சிம்மு வழியா அங்கிருந்தே நிறுத்திப்புட்டானுக. இனி எப்படிப் பார்க்கறானுகன்னு பார்க்கறேன்!"

கம்பெனியிலிருந்து வந்த போனையும் எடுக்காமல் நாலு நாள் அப்படியே விட்டார். வாழை இலை மஞ்சளாகித் தொங்கியது. ஐந்தாம் நாள் என் கடைக்கு வந்து, பத்துப் பேர் நிற்கிற இடத்தில், "வித்தவனே நிறுத்திப்புட்டான்!" என்று சத்தம் போட்டார்.

மெக்கானிக் ஆரோக்கியத்தைக் கூட்டிக்கொண்டு அவர் தோட்டத்துக்குப் போனேன். பத்தடிக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிறு, நுனியில் ஒரு இரும்பு நட்டு. போருக்குள் விட்டோம். இருநூறு... ஈரமில்லை. இருநூற்றைம்பது... ஈரமில்லை. முன்னூற்று முப்பதில்தான் நட்டு நனைந்தது. மோட்டார் காற்றில் தொங்கிக்கொண்டிருக்கிறது! எரிந்துபோகக் கூடாதென்று பெட்டியே அதை நிறுத்தியிருக்கிறது. அவர் திருடன் என்று சாக்குப் போட்டுக் கட்டியது யாரை? காவல்காரனை!

"என்னங்ணா, இருநூறுன்னீங்க?"

வாழைக்குள் நின்ற அவர் சம்சாரம் தெய்வானைதான் பேசியது. "போன சித்திரையிலயே பழைய மோட்டாருக்குப் பதினெட்டு பைப்பு இறக்கலையா? இருவது இருவது அடி. நாந்தான எண்ணுனேன்! இவங்க வர்றதுக்கு முந்தியே அத்தனையும் கழட்டி மாட்டுக் கொட்டாய்க்குப் பின்னால மறைச்சு வெச்சீங்களே, எதுக்கு?"

"நீ சும்மா இரு புள்ள... முன்னூத்தம்பதுன்னு சொன்னா, அந்தப் பெரிய மோட்டாரை என் தலையில கட்டிருவான்னு நெனச்சேன்."

"இப்ப மட்டும் தலையில என்ன ஏறப் போகுதாம்? அதே பெரிய மோட்டார்தான?"

பெரிய மோட்டார் வந்து, கூடுதல் பேனல் மாட்டித் தண்ணீர் எடுக்க எட்டு நாள் ஆனது. அதற்குள் பாதி வாழை குலையோடு ஒடிந்து விழுந்துவிட்டது. முன்னூறு வாழைங்க... ஒரு வருஷ உழைப்பு.

தப்பு அவர் மேல் மட்டுமா? இல்லைங்க. இருபத்தாறு வருஷமாக மோட்டார் விற்கிறேன். கோடைத் தண்ணியைப் பற்றி எவரும் என்னிடம் உண்மை சொன்னதில்லை. அது எனக்கும் தெரியும். தெரிந்தும் அன்றைக்கே ஏன் கயிறு விட்டுப் பார்க்கவில்லை? கார்த்திகையில் கயிறு விட்டால் கார்த்திகைத் தண்ணிதான் தெரியும். பக்கத்துத் தோட்டத்தில் விசாரித்திருக்கலாம், பழைய பைப்பு எங்கே என்று கேட்டிருக்கலாம். கேட்டால் கோபித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போய்விடுவார் என்று எனக்குச் சந்தேகம். அவர் சந்தேகம் அவர் வாயை அடைத்தது, என் சந்தேகம் என் வாயை அடைத்தது. செத்தது யார்? வாழை.

அந்தக் கயிறு இப்போது என் கடை வாசலில் தொங்குகிறது. கார்த்திகையில் மோட்டார் கேட்டு வருகிறவர்களிடம், "சித்திரையில கயிறு விட்டுப் பார்த்துட்டு வாங்க" என்று திருப்பி அனுப்புகிறேன். அதற்கும் வெளியே போய் என்ன பேசிக்கொள்கிறார்கள் தெரியுமா? "வர்ற வியாபாரத்தையே வேண்டாங்கறான்... இதுல என்னமோ இருக்குது!"

இருக்கட்டும்! சந்தேகப்படாதீங்கன்னு நான் சொல்லவே மாட்டேன். என்னைச் சந்தேகப்படுங்க. பேனலைத் தட்டிப் பாருங்க. கம்பெனிக்காரனை நூறு கேள்வி கேளுங்க, பதில் சொல்லாதவன்கிட்ட வாங்காதீங்க. ஆனா சந்தேகத்தை மனசுக்குள்ள வெச்சுப் பூட்டாதீங்க, கயித்துல கட்டி போருக்குள்ள விடுங்க. நட்டு எங்க நனையுதோ, அந்த அடியை மறைக்காம வந்து சொல்லுங்க. என்கிட்ட நீங்க சொல்ற பொய்யை நான் ஆர்டர் நோட்டுல எழுதிக்குவேன்... உங்க வாழை எழுதிக்காது.