அரபு நாட்டு உயிர்வேலி

மனித நாகரிகம் வேலியில்தான் தொடங்கியது. இதை நான் சொன்னது பந்தல்குடி ரோட்டோர நர்சரியில், ஆட்டுப் புழுக்கை மூட்டையின் மேல் உட்கார்ந்துகொண்டு. கேட்டது நர்சரிக்காரர் சீனிச்சாமி ஒருவர்தான். அவரும் செம்பருத்திக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டேதான் கேட்டார்.

நீங்கள் மோட்டாரைப் பற்றித்தான் கேட்டீர்கள், இன்ஸ்பெக்டர் அம்மா. ஆனால் செடியிலிருந்து ஆரம்பித்தால்தான் என் பக்க நியாயம் புரியும்.

பாலவனத்தத்திலிருந்து உள்ளே தள்ளி எங்கள் ஊர். எதிர் மனை காலியாகக் கிடந்தவரை எனக்கு மறைப்பு தேவைப்படவில்லை. பிறகு பால்ச்சாமி அங்கே மாடி வைத்து வீடு கட்டினான். அவன் அப்பா எங்கள் காட்டில் களை வெட்டியவர். இவன் ஊராட்சித் தண்ணீர்த் தொட்டிக்கு ஆப்பரேட்டர், மகள் ஜோதிகாவுக்கு மதுரையில் ஆஸ்பத்திரி வேலை. நன்றாக இருக்கட்டும், என் மனதில் ஒன்றும் இல்லை. அவன் வாசல் என் வாசலைப் பார்த்து இருந்தது, அவ்வளவுதான். மனிதனுக்குப் பிரைவசி வேண்டும்.

"அரளி வைங்கண்ணாச்சி. வெயிலு அதுக்குச் சோறு மாதிரி" என்றார் சீனிச்சாமி.

"அரளி நாலுவழிச்சாலைக்கு நடுவுல நிக்கிது. என் வீடென்ன டோல்கேட்டா?"

"அப்பக் கிளுவை. போத்த வெட்டி ஊனுனாப் போதும், தானாத் தழைஞ்சிரும்."

"அது ஆட்டுக்கிடைக்கு."

"மருதாணி?"

"ஊருப் பொம்பளைக பூராம் எலை பறிக்க வேலியிலயே நிப்பாக. அதுக்குப் பேரு மறைப்பா?"

மனசே இல்லாமல் கடைசி வரிசையைக் காட்டினார். பளபளவென்று ஆள் உயரத்துக்குப் பச்சை. கோனோகார்பஸ். "அரபு நாட்டுல ஷேக்கு வீட்டுலயெல்லாம் இதான் வேலி. ஆனா சித்திரையில நட்டா தெனம் தண்ணி கேக்கும். குழாய்ப் பக்கமும் வைக்காதீக, வேரு தண்ணியத் தேடிப் போயிரும்."

ஷேக் என்பதற்கு அப்புறம் அவர் சொன்னது என் காதில் ஏறவில்லை. சித்திரையிலேயே நட்டேன், தெருக்குழாயை ஒட்டி.

எங்கள் போர் சித்திரையில் காற்றுதான் தரும். ஆகவே தெருவுக்குப் போகும் ஊராட்சிக் குழாயை ஓரிடத்தில் அறுத்து, சின்ன மோட்டார் ஒன்றை மாட்டினேன். அந்த இணைப்பைச் சைக்கிள் டியூபால் இறுக்கிக் கட்டினேன். அடுத்த சிக்கல், மோட்டார் வெளியே தெரிந்தது. அதை மறைக்க வேலி இன்னும் அடர்த்தியாக வேண்டும். அடர்த்தியாவதற்குத் தண்ணீர் வேண்டும்.

"வேலிக்கு மோட்டாரு, மோட்டாருக்கு வேலி. ரெண்டையும் புடுங்கிட்டா ரெண்டும் வேணாம்ல" என்றாள் என் மனைவி நாகஜோதி. அவளுக்கு அழகுணர்ச்சி குறைவு.

வேலி தழைத்தது. கடைசித் தெருவில் குழாயைத் திறந்தால் புஸ்ஸென்று காற்று வந்தது. அந்தத் தெரு மாரீஸ்வரி காலிக் குடத்தோடு பால்ச்சாமி வாசலில் நின்று, "ஏய்யா, எங்க தண்ணியவும் ஒன் மாடிக்கு ஏத்திட்டியா?" என்று கேட்டாள். அவன் லாரிக்குத் தண்ணீர் விற்கிறான் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. பந்தல்குடி ரோட்டில் லாரிகள் நிறைய நிற்கின்றன என்று டீக்கடையில் பொதுவாகச் சொன்னேன்.

பால்ச்சாமி யோசனை கேட்டு என்னிடமே வந்தான். ஊரில் பெரிய மனிதர்களிடம்தானே கேட்பார்கள். "ஐயா, வால்வெல்லாம் சரியாத்தான் இருக்கு. தண்ணி எங்க போகுதுன்னே தெரியல. வேலையே போயிரும் போலருக்கு."

எனக்குப் பின்னால் ஈரச் சாக்குக்கு அடியில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

"தொட்டியில சேறு அடைச்சிருக்கும். ஏறிப் பாரு" என்றேன். ஏறினான். இல்லை என்றான். "நல்லாப் பாத்தியா?" என்றேன். மறுபடி ஏறினான். உச்சி வெயிலில் அந்த இரும்பு ஏணியைக் கையால் பிடிக்க முடியாது. அன்று ஊரார் முன்னால் இன்னொரு தடவை கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். அந்த முறை ஏறும்போது வழுக்கிவிட்டான். இடுப்பு எலும்பு முறிந்தது.

ஏறச் சொல்வது வேறு, தள்ளுவது வேறு. அவன் விழுந்த நேரத்தில் நான் செடிக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தேன். நாகஜோதி சாட்சி.

ஆஸ்பத்திரிக்குச் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு போனேன். எப்படி விழுந்தான் என்று ஊராட்சியில் விசாரித்தபோது, "லேசா வாடை வந்த மாதிரி இருந்துச்சு. எனக்குச் சளி, உறுதியாச் சொல்ல முடியாது" என்றேன். அவன் வேலை போய்விட்டது. பால்ச்சாமி குடிக்க மாட்டான் என்பது எனக்குத் தெரியும். அதை யாரும் என்னிடம் கேட்கவில்லை.

போன வாரம் தெரு முழுக்கத் தண்ணீர் வராமல் நின்றுபோய், ஜேசிபி வைத்துத் தோண்டினார்கள். நான் டியூப் கட்டிய இணைப்பில் கசிவு இருந்திருக்கிறது. ஷேக் வீட்டு வேர் அதன் வழியே குழாய்க்குள் புகுந்து, சவுரி மாதிரி அடைத்திருந்தது. வேரைப் பிடித்துக்கொண்டே வந்தவர்கள் மோட்டாரில் வந்து நின்றார்கள். பால்ச்சாமியும் கம்பு ஊன்றி வந்தான். மோட்டாரைப் பார்த்தான். நிமிர்ந்து வேலியைப் பார்த்தான்.

"மரம் நல்லா வந்திருக்கு, ஐயா" என்றான்.

நன்றி சொன்னேன். வேறென்ன சொல்வது.

ஆக, மோட்டார் வைத்தது நான். அவனை ஏற வைத்தது நான். சாராய வாடையும் நான் உண்டாக்கியதுதான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் பிரைவசி என்ற கொள்கையை மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அந்த வீட்டுக்காரர்கள் எப்படிப்பட்டவர்கள் தெரியுமா? அவன் பெண்டாட்டி ஆவுடைத்தாய் வண்டியில் பாலவனத்தம் போய்க் குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவருவாள். அவனை வாசலில் உட்கார்த்தி, துணியை நனைத்து முதுகு துடைத்துவிடுவாள். பிறகு இரண்டு பேரும் பேசிச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். இத்தனை மாதத்தில் ஒரு நாள்கூட என் வீட்டுப் பக்கம் திரும்பியதில்லை.

இவ்வளவு அடர்ந்த வேலிக்குப் பின்னால் இருந்துகொண்டு இதையெல்லாம் எப்படிப் பார்த்தேன் என்று கேட்கிறீர்கள்.

வேலியில் ஓரிடத்தில், உட்கார்ந்தால் கண் மட்டத்துக்கு, தட்டளவு ஓட்டை இருக்கிறது. அங்கே செடி சரியாக வளரவில்லை என்று நாகஜோதியிடம் சொல்லியிருந்தேன். தினமும் அதைக் கத்தரித்தது நான்தான். பக்கத்தில் கிடக்கும் பிளாஸ்டிக் நாற்காலியும் என்னுடையது.